பனியன் போடாத நலங்கு

கைப்பேசி பழுது பார்க்கிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பார்கள். தங்கள் உயிரையே அந்தக் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள், வேறு எதைப் பார்ப்பார்கள்? கோல சிலாங்கூர் பட்டணத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில் என் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு கண்ணாடி மேசை, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, நான், அவ்வளவுதான். பொட்டு அளவுத் திருகாணிகளை அந்த விளக்கு இல்லாமல் பார்க்க முடியாது. ஆனால் திருகாணியைக் காட்டுகிற விளக்கு என் விரல் முட்டிகளையும் சேர்த்தே காட்டும். முட்டிகளில் சிவந்த தடிப்பு, அதன்மேல் வெள்ளைச் செதில், குழி குழியாக நகங்கள். முழங்கையைச் சட்டை மறைத்துவிடும். விரலை என்ன செய்வது?

சொரியாசிஸ் என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூட நாளில் தலையில் பொடுகு மாதிரி தொடங்கி, பிறகு முழங்கை, முழங்கால், முதுகு என்று வீடு கட்டிக்கொண்டே போயிற்று. எனக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. இதில் பாதிக்கு மேல் அதோடுதான் குடித்தனம்.

அது தொற்றாது. யார் எழுதிக் கேட்டாலும் எழுதித் தருவேன். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எழுதிக் கேட்பதில்லை. மீதியைக் கையில் கொடுக்கப் போனால், "அங்கயே வச்சிடுங்க தம்பி" என்று மேசையைக் காட்டுவார்கள். பழுது பார்த்த கைப்பேசியை வாங்கியதும் ஈரத்துணியால் துடைக்கிறவர்களும் உண்டு. நான் முதலாளி அல்லவா, சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளுக்குள் நான் பேசிய வசனங்களை வெளியே சொல்லியிருந்தால் கடை எப்போதோ மூடியிருக்கும்.

இந்த நோய் வந்தவனின் நாள், மற்றவர்கள் நாள் மாதிரி இருக்காது. காலையில் எழுந்ததும் மற்றவர்கள் பல் துலக்குவார்கள், நான் முதலில் மெத்தையைப் பெருக்குவேன். கறுப்புச் சட்டை எனக்குக் கிடையாது, தீபாவளிக்கு அம்மா ஆசையாக எடுத்தாலும் கிடையாது, தோளில் விழுகிற செதில் அதில் பளிச்சென்று தெரியும். என் தொழிலில் எல்லோரும் கறுப்பு விரிப்பில் வேலை செய்வார்கள், திருகாணி தொலையாமலிருக்க. நான் மட்டும் வெள்ளை விரிப்பு. பக்கத்துக் கடைக்காரர் ஏன் என்று கேட்டார். "ஸ்டைல்" என்றேன். எத்தனை திருகாணியை அந்த ஸ்டைலில் தொலைத்தேனோ. உச்சி வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நண்பர்கள் கடலில் இறங்கினால் அவர்களுடைய செருப்புக்கும் பணப்பைக்கும் காவல் நான்தான். ஒருமுறை முடிவெட்டும் கடையில், வெட்டி முடித்தவர் துணியை உதறுவதற்குப் பதிலாக இரண்டு விரலால் தூக்கிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். அன்று ஒரு மிஷின் வாங்கினேன். அதற்குப் பிறகு என் தலையை நானேதான் வெட்டிக்கொள்கிறேன், பின்பக்கம் கோணலாக. அரிப்பைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்களுக்கும் அரிக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம்விடக் கொடிய வியாதி ஒன்று உண்டு. அது ஆலோசனை. இறால் தொடாதே, நண்டு ஆகாது, கருவாடு வேண்டாம், கத்தரிக்காய் விஷம். ஜெராமில் கடலோரச் சாப்பாட்டுக் கடையில், சுற்றிலும் எல்லோரும் நண்டை உடைத்துக்கொண்டிருக்க, வெறும் சோற்றைக் கீரையோடு விழுங்கிவிட்டு வந்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மலாய்க் கம்பத்துப் பெரியவர் ஒருவர் கடலட்டை எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர், பூசிப் பார்த்தேன், பூனைகள்தான் பின்னால் வந்தன. பாம்பை அடித்த பாவம் என்றார் ஒருவர். நான் பல்லியைக்கூட அடித்ததில்லை. வேப்பிலைத் தண்ணீரில் குளித்துக் குளித்து எங்கள் வீட்டு வேப்பமரம்தான் மொட்டையானது.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா நான் படிக்கிற காலத்திலேயே போய்விட்டார். அம்மா தோட்டத்தில் செம்பனைக்கு உரம் போட்டுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் இன்னும் விடியும் முன்பே எழுந்துவிடுவார். அம்மாவுக்கு ஒரே ஓர் அண்ணன். எனக்குத் தாய்மாமா. தோட்டத்தில் வேலையாட்களுக்குத் தலைவராக, மண்டோராக இருந்தவர். அப்பா இல்லாத இடத்தில் அவர்தான் நின்றார். என் பள்ளிக்கூடக் காலணியிலிருந்து கடைக்கு முதல் மாத வாடகை வரைக்கும் அவர் கைக்காசு. காலைப் பெரட்டில் இருட்டோடு ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரித்து அனுப்பிய குரல் அவருடையது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. தேத்தண்ணீர் கேட்டால்கூடப் பத்து வீட்டுக்குக் கேட்கும்.

இப்படியே கோணல் முடியோடும் முழுக்கைச் சட்டையோடும் காலம் போயிருக்கும், அவள் வராவிட்டால். சுங்கை ஆயர் தாவாரில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. ஏதோ வேலையாகக் கோல சிலாங்கூருக்கு வந்தவள், பிள்ளைகள் தண்ணீர் வாளியில் போட்ட கைப்பேசியை என் மேசையில் வைத்தாள். நான் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் என் விரல்களைப் பார்ப்பது தெரிந்தது. "தொத்தாது" என்ற பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன், கொஞ்சம் காரமாகவே.

"வலிக்குதா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் தயாரித்து வைக்கவே இல்லை. வெடிப்பு இருக்கும் நாளில் கொஞ்சம் வலிக்கும் என்றேன்.

"அப்ப அன்னைக்குக் கடைய மூடுங்க லா" என்றாள், ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு அவள் வீட்டு உடைந்த கைப்பேசிகள் எல்லாம் என் கடைக்கு வந்தன. அவளுடைய அக்காவினது, அக்கா வீட்டுக்காரரினது, பள்ளி வாசலில் நிற்கும் காவலாளியினது. வழியில் சுங்கை பெசாரில் எத்தனையோ கடைகள் இருக்கின்றன. ஒருநாள் நன்றாக வேலை செய்கிற கைப்பேசியைக் கொண்டுவந்து, ஏதோ சரியில்லை என்றாள். அன்றைக்குத்தான் எனக்கும் புரிந்தது. நான் கொஞ்சம் மந்தம்.

கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பே என் உடம்பு விவரத்தை அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுக்குச் சட்டையைத் தூக்கி முதுகையும் காட்டியிருக்கிறேன், ஒளித்து வைத்து எதையும் விற்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் அப்பா கேட்டது இரண்டே கேள்வி, குடிப்பானா, சண்டை போடுவானா. குடிக்கமாட்டேன். இரண்டாவது கேள்விக்கு அவள் பொய் சொல்லியிருக்கிறாள்.

நிச்சயம் முடிந்தது, நாள் குறித்தாயிற்று. தோல் நிபுணரைப் போய்ப் பார் என்று கிளினிக்கில் அனுப்பினார்கள். அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் போகவேண்டாம் என்று அம்மா பிடிவாதம் பிடித்து, மாமா தன் காரை எடுத்து வந்தார், எங்கள் வாயில் அது காடி. வழக்கம்போலப் பேச்சு. செம்பனை விலை, மூட்டு வலி, என் கல்யாணத்துக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும். ஆசாம் ஜாவா தாண்டும்போதுதான் கேட்டார்.

"ஆமா, எந்த ஆஸ்பத்திரிடா?"

"சுங்கை பூலோ மாமா."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஈஜோக் வந்தது, போனது. மாமா வாய் மூடிக் காடி ஓட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்களுக்குச் சுங்கை பூலோ என்பது ஊர்ப்பெயர் அல்ல, தீர்ப்பு. அந்தக் காலத்தில் குஷ்டம் என்று தெரிந்தவர்களை அங்கேதான் கொண்டுபோய் ஒதுக்கி வைத்தார்கள். லயத்துக்கு வண்டி வரும், ஆளை ஏற்றும், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், அதன் பிறகு அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். "சுங்கை பூலோவுக்குப் போயிட்டான்" என்றால் அதோடு கதை முடிந்தது. இப்போது அங்கே பூச்செடி விற்கிறார்கள், ரயில் நிற்கிறது, நெஞ்சு வலியிலிருந்து பிள்ளைப்பேறு வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஜனங்கள் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். மாமாவுக்கும் இது தெரியும். ஆனால் தோலில் தடிப்பு உள்ள ஒருவனைச் சுங்கை பூலோவுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றதும், அவர் மனம் எங்கே ஓடிற்றோ அங்கே போய் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது, என் இருக்கையில் ஒரு துண்டு விரித்திருந்தது.

அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்தேன். வாடிக்கையாளர்கள் ஆயிரம் செய்யட்டும், அது பட்டும் படாமலும் போகும். இது நேராக நெஞ்சில் இறங்கியது. வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் நடந்ததோ வேறு. டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இளையவராக இருப்பார். மருந்து எழுதுவதற்கு முன்னால் கேள்வி கேட்க ஆரம்பித்தார். போன வாரம் அரிப்பும் வலியும் எப்படி இருந்தது? எவ்வளவு கூச்சப்பட்டீர்கள்? என்ன உடுத்துவது என்பதை உங்கள் தோல் முடிவு செய்ததா? வெளியே போவதை, நண்பர்களைப் பார்ப்பதை, வேலையை, மனதுக்குப் பிடித்தவரோடு இருப்பதை? யாரோ என் வீட்டில் ஒளிந்திருந்து பார்த்துவிட்டுக் கேட்பதுபோல இருந்தது. ஒவ்வொன்றுக்கும் "பான்யாக், ரொம்ப" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நின்றுவிட்டேன். இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்ன தின்றாய் என்றுதான் கேட்டார்கள். எப்படி வாழ்கிறாய் என்று கேட்டது இவர்தான். டாக்டர் அவசரப்படாமல் நான் பேசும்வரை காத்திருந்தார்.

இதை அடியோடு ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம் என்றார். களிம்பு, தைலம், அதோடு ஒளிச் சிகிச்சை. ஆள் நிற்கிற பெட்டிக்குள் நிறுத்தி விளக்கைப் போடுவார்கள், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இறால் சாப்பிடலாமா என்று கேட்டேன். உங்களுக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாக என்றார். அன்று மாலை இருந்த கோபத்திலும் சந்தையில் இறால் வாங்கிக்கொண்டு போனேன்.

மாமா அன்றைக்கே அம்மாவைப் பிடித்துக்கொண்டார். நான் குளியலறையில் இருக்கிறேன் என்று நினைத்து அடுக்களையில் தாழ்ந்த குரலில் பேசினார். அவருடைய தாழ்ந்த குரல் எங்கே தாழும்?

"தங்கச்சி, சுங்கை பூலோவுக்கு அனுப்பியிருக்காங்கன்னா சும்மாவா? கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்."

"அது வெறும் தோல் வியாதிதாண்ணே."

"அப்பவும் தோல் வியாதின்னுதான் சொன்னானுங்க."

நான் துண்டோடு வெளியே வந்தேன். "மாமா, இது குஷ்டம் இல்ல. சொரியாசிஸ். ஒட்டாது."

"பேரு எதுவா இருந்தா என்னடா" என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, மோட்டாரிலேயே போகிறேன், லோரிக்காரன் அடித்தாலும் அடிக்கட்டும் என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன், பின்தெருவில் இருக்கும் மாமா வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. காடி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில், "இறங்குங்க மாமா. நீங்க இறங்கலன்னா நானும் இறங்கல" என்றேன். பின்னால் காடிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. வேறு வழியில்லாமல் காடியை ஓரம் கட்டிவிட்டு என்னோடு வந்தார்.

டாக்டர் அறையில் கதவோரமாக நின்றுகொண்டு தோட்டத்து மலாயில் கேட்டார்: "டாக்டர், இத தொட்டா ஒட்டுமா?"

டாக்டர் எழுந்து வந்தார். என் சட்டைக் கையை மடித்துவிட்டு, உறை போடாத கையால் என் முழங்கையைப் பிடித்தார். தடிப்பு மிக மோசமாக இருந்த இடம் அது. அதன் மேலேயே கட்டை விரலை வைத்துக்கொண்டு மாமாவிடம் பேசினார். இது ஒட்டாது அங்கிள் என்றார். அங்கிள் பயப்படுகிற அந்தப் பழைய நோய் என்றாலும்கூட இப்போது மருந்து உண்டு, குணமாகும், கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம், யாரையும் எங்கேயும் கொண்டுபோய் அடைப்பதில்லை என்றார். மாமா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது என் இருக்கையில் துண்டு இல்லை. பேச்சும் மெல்லத் திரும்பியது. ஆனாலும் என் பக்கம் கை வரவில்லை. முன்பெல்லாம் பேச்சுக்குப் பேச்சு முதுகில் தட்டுகிறவர். அறிவுக்குத் தெரிந்துவிட்டது, கைக்கு இன்னும் தெரியவில்லை.

ஒளிச் சிகிச்சை வேலை செய்தது. சில மாதங்களில் விரல் முட்டிகள் தெளிந்தன, விளக்கடியில் கூச்சமில்லாமல் கையை நீட்டினேன். தூக்கம் வந்தது, விடியும்வரை சொறிந்துகொள்ளாமல் தூங்குவது எவ்வளவு பெரிய சொத்து என்று நல்ல தோல் உள்ளவர்களுக்குத் தெரியாது. முழங்கையும் முதுகும் மட்டும் முரண்டு பிடித்தன. சிவப்பு மங்கியது, போகவில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் நலங்கு வந்தபோதும் அப்படியேதான் இருந்தது.

நலங்குக்கு மாப்பிள்ளை மேலே ஒன்றும் போடாமல் வேட்டியோடு மணையில் உட்கார வேண்டும். தாய்மாமன்தான் முதலில். அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்துத் தலை, தோள், முட்டி, பாதம் என்று வைப்பார். பிறகு மஞ்சளையும் சந்தனத்தையும் குழைத்து மார்பிலும் கையிலும் முதுகிலும் தேய்ப்பார்கள், ஒருவர் மாற்றி ஒருவர், வந்திருக்கிற கட்டுக்கழுத்திகள் எல்லோரும். ஒரு மனிதனின் தோலை ஊரே தொட்டு வாழ்த்துகிற சடங்கு. எனக்கென்று எழுதி வைத்த மாதிரி.

அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். புதுப் பனியன் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இதப் போட்டுக்கய்யா. எல்லாரையும் புல்லால மட்டும் வைக்கச் சொல்லியிருக்கேன். மஞ்சள் கன்னத்துல மட்டும் தொட்டு வைப்பாங்க. மாமாகிட்டயும் சொல்லிட்டேன்."

"யாரு கேட்டா ஒங்கள?"

"ஊரு கூடி ஒன் முதுகப் பாத்து மூஞ்சியச் சுளிச்சா என்னால தாங்க முடியாதுடா." அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் என்னிடம் அது எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். புல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டா என்னை வாழ்த்த வேண்டும்? கடையில் மறைத்தேன், கடற்கரையில் மறைத்தேன், சரி, பிழைப்பு. என் சொந்தக் கல்யாணத்தில், என் சொந்த ஜனங்களுக்கு முன்னால் இந்த ஒரு காலைப் பொழுதில் மறைத்துவிட்டேன் என்றால் சாகும்வரை மறைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். என் பெண்டாட்டியும் என்னோடு சேர்ந்து மறைக்க வேண்டியிருக்கும். இது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. பனியனை மடித்து அம்மா கையிலேயே கொடுத்தேன்.

அறைக்குள் போய் அவளுக்குப் போன் செய்தேன். அங்கே அவளுக்கும் நலங்கு, பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"போடுறதும் போடாததும் ஒங்க இஷ்டம்" என்றாள். "ஆனா கல்யாணத்துக்கப்புறம் வீட்டுக்குள்ள பனியனோட திரிஞ்சீங்க, நான் சும்மா விடமாட்டேன் லா."

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தது. தாமானில் பாதிப் பேர் இருந்தார்கள். என் முதுகை வெயில் வெளிச்சத்தில் பார்க்காதவர்கள் எல்லோரும் அன்று பார்த்தார்கள். பேச்சுச் சத்தம் சட்டென்று இறங்கியது. யாரோ ஒரு குழந்தை என்னமோ கேட்க, அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள். முகம் எரிந்தது எனக்கு. ஆனாலும் நடையை வேகப்படுத்தாமல் போய் மணையில் உட்கார்ந்தேன்.

மாமா வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. புல்லை எடுத்தார். தலையில் வைத்தார், தோளில் வைத்தார், முட்டியில், பாதத்தில். எல்லாம் முறைப்படி. பிறகு மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு, அதற்குள்ளும் புல்லைத் தோய்த்தார்.

"மாமா" என்றேன். "புல்லக் கீழ வைங்க. கையால தேய்ங்க. கை வரலன்னா பரவால்ல, நான் எழுந்திரிச்சிடுறேன். நாளைக்கு நலங்கு இல்லாமலேயே தாலி கட்டிக்கிறேன்."

மாமா கிண்ணத்தோடு நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எழுந்து போகிற தைரியம் எனக்கு இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. ஏனென்றால் போகிற அவசியம் வரவில்லை. மாமா புல்லைக் கீழே போட்டார். மணிக்கட்டு வரை கிண்ணத்துக்குள் கையை விட்டு அள்ளி, நேராக என் முழங்கையில் வைத்தார். அந்த மோசமான இடத்திலேயே. முதலில் விரல் நுனி, பிறகு முழு உள்ளங்கை.

அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி தேய்க்க ஆரம்பித்தார். தோளில், முதுகில், மார்பில். சட்டி கழுவுகிற வேகம். டாக்டர் அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தது அவருக்கு எங்கே ஞாபகம்!

"மாமா, மெல்ல! தோல உரிச்சிடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

கூடாரமே சிரித்தது. மாமாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கப் போய், மஞ்சள் கண்ணில் பட்டு, கண் எரிந்து, இன்னும் அழுதார். என் காதருகே குனிந்தார்.

"எங்க சின்னம்மாவ அப்ப கொண்டுபோனாங்கடா. வண்டி கிட்ட ஓடுனேன், சின்னப் பையன். தொடாதேன்னு இழுத்துப் பிடிச்சிக்கிட்டாங்க. அதுவும் அங்கேருந்தே கையக் காட்டிட்டுப் போயிடுச்சு."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்குக்கூட அப்படி ஒரு சின்னம்மா இருந்தது தெரியாது. அவர் கையை என் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார், பிறகு திரும்பி, அந்தப் பழைய பெரட்டுக் குரலை எடுத்தார்.

"யாரு அடுத்தது? வாங்க, வரிசையா வாங்க! புல்லு கில்லு ஒண்ணும் வேணாம், கையால தேய்ங்க. இவனுக்குத் தோலுதான் கொஞ்சம் மொரடு, ஒண்ணும் ஒட்டாது!"

வந்தார்கள். எதிர்வீட்டு அக்கா முதலில், பிறகு அவர் மாமியார், பிறகு தயங்கித் தயங்கி நின்றவர்கள். நான் கூச்சத்தோடு சட்டைக்குள் மறைத்த முதுகில் பெண்கள் சிரித்துக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும் மஞ்சள் அப்பினார்கள். முகம் சுளித்தவர்கள் இருந்திருக்கலாம், என் முதுகுக்குக் கண் இல்லை. ஆனால் கை வைக்காமல் போனவர்கள் இல்லை. கழுத்திலிருந்து கால்வரை மஞ்சள் மூடி, எது தடிப்பு எது நல்ல தோல் என்று எனக்கே தெரியாமல் போயிற்று. என் வாழ்நாளில் அத்தனை பேர் சேர்ந்து என்னைத் தொட்டதில்லை. ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அப்போதுதான் அடுக்களை வாசலில் அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பனியன் இன்னும் கையில் இருந்தது. அப்பா போனதிலிருந்து அம்மா எந்த மங்கல காரியத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை, தாலியை இழந்தவர் நலங்கு வைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதனால் யாரும் கூப்பிடவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

"தண்ணி ஊத்தாதீங்க" என்றேன். "அம்மா இன்னும் வைக்கல."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒரு பெரியம்மா, "வழக்கம் இல்லயேப்பா" என்றார். அம்மா, வேணாம்யா, வேணாம்யா என்று தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். கையில் இருந்த பனியனை மாமா பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா தங்கச்சி" என்றார். "இன்னைக்கி இங்க மண்டோர் நான்தான்."

அம்மா வந்தார். கிண்ணத்தில் ஒட்டியிருந்த கடைசி மஞ்சளை வழித்து எடுத்தார். எனக்குப் பின்னால் மண்டியிட்டார். ஒவ்வொரு ராத்திரியும் என் கை எட்டாத முதுகில் களிம்பு போட்ட கை அது. எந்த இடத்தில் வெடிப்பு, எந்த இடத்தில் எரியும் என்று அதற்குத் தெரியும். அன்று என் மேல் பட்ட எத்தனையோ கைகளில், கொஞ்சம்கூட வலிக்காமல் மஞ்சள் தேய்த்தது அம்மாவின் கைதான்.